யாரையும் பார்க்காத மூன்று பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சமையல் குறிப்பை வாசித்துக் காட்டிவிட்டு வயிறு நிறைந்ததா என்று கேட்கிற கதைதான். சரி, என்னால் முடிந்தவரை சொல்கிறேன். மீதியை நீங்கள் இந்தியா கேட் பக்கம் போகும்போது ஜெய்ப்பூர் ஹவுஸிலிருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்துக்குள் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம், பூட்டியிருக்கும்.

என் அண்ணன் மகன் திண்டுக்கல்லிலிருந்து வந்து ஒன்றரை வருஷமாக இங்கே தில்லியில், பழைய ராஜிந்தர் நகரில் இருக்கிறான். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். அவனுடைய அறையை ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய அறையைத் தடுத்து மூன்றாக்கியிருக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம். பகலெல்லாம் அவன் இருப்பது 'லைப்ரரி'யில். அங்கே புத்தகம் இருக்காது. மாத வாடகைக்கு ஒரு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு பக்கமும் பிளைவுட் தடுப்பு, ஒரு சின்ன விளக்கு, செல்போனுக்கு ஒரு பிளக், அவ்வளவுதான். இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்களாம். தடுப்புக்கு அந்தப்புறம் இருப்பவனின் முழங்கையும் தண்ணீர் பாட்டிலும்தான் இவனுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போனேன். 1954இல் திறந்த இடம் அது. தேர்வில் கேட்பார்கள் என்று ஆசை காட்டித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எல்லா அறைகளையும் வேகமாகக் கடந்தவன், ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லின் 'மூன்று பெண்கள்' முன்னால் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அத்தை, மூணு பேரும் ஒட்டி உட்கார்ந்திருக்காங்க. ஆனா ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கலையே."

எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன்! அவன் சொன்னபிறகுதான் எனக்கு அது உறைத்தது.

1935இல் வரைந்த படம் அது. பாரிஸில் படித்துவிட்டு ஊர் திரும்பிய மறு வருஷம். அம்ரிதாவுக்கு அப்போது 22 வயது. பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் 1937இல் இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு தெற்கே கன்னியாகுமரி வரை சுற்றினார்; 1941இல் லாகூரில், 28 வயதில் இறந்துபோனார். இந்தப் படத்தில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். உடைகளுக்கு நல்ல அழுத்தமான நிறம் கொடுத்தார். ஆனால் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் துடைத்து எடுத்துவிட்டார். ஜன்னல் இல்லை, திண்ணை இல்லை, அடுப்பு இல்லை. பின்னால் வெறும் நிறம்தான். பழைய பாணிச் சித்திரமென்றால் ஒரு தூணாவது ஒரு திரைச்சீலையாவது வைத்து, இவர்கள் இன்ன வீட்டுப் பெண்கள் என்று சொல்லியிருப்பார்கள். நவீன ஓவியம் அந்த விலாசத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. தாழ்ந்த கண்களை விட்டால் நாம் பார்க்க அங்கே வேறொன்றும் இல்லை.

தனிமை என்றதும் ஆளில்லாத காட்டையோ பாலைவனத்தையோ நினைத்துக்கொள்கிறோம். நவீன ஓவியர்கள் அப்படி நினைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நார்வேக்காரர் எட்வர்ட் முங்க் 1893இல் வரைந்த 'அலறல்' எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து வாட்ஸ்அப்பில் ஒரு எமோஜியே இருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தில் பின்னால் இரண்டு பேர் தம் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பது எத்தனை பேர் கண்ணில் படுகிறது? எனக்கு அலறுபவனைவிட அந்த இரண்டு பேர்தான் பயம். அமெரிக்காவில் எட்வர்ட் ஹாப்பர் 1942இல் வரைந்த இரவு உணவகத்திலும் நான்கு பேர் இருக்கிறார்கள், விளக்கு பளிச்சென்று எரிகிறது. அதில் தெருவிலிருந்து உள்ளே போக வாசல் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம், நம் தில்லிக்காரர் ராம் குமார். சிம்லாவில் 1924இல் பிறந்தவர், இங்கே பொருளாதாரம் படித்தவர், வங்கி வேலையை 1948இல் விட்டுவிட்டுப் படம் வரையப் போனவர். பாரிஸில் ஆந்த்ரே லோட்டிடமும் ஃபெர்னான் லெஜேயிடமும் கற்றுக்கொண்டு திரும்பினார். ஐம்பதுகளில் அவர் வரைந்த மனிதர்களைப் புத்தகத்தில் பையனுக்குக் காட்டினேன். ஒடிசலான உடம்பு, குழிந்த கண். பின்னால் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இவர்களுடையது போலத் தெரியாது. 1956இல் வரைந்த ஒரு படத்தின் தலைப்பே 'வேலையற்ற பட்டதாரிகள்'. தலைப்பைக் கேட்டதும் பையன், "எங்க பேட்ச் போட்டோவா?" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1960இல் எம். எஃப். ஹுசைனோடு காசிக்குப் போனார் ராம் குமார். காசி என்றால் ஜனத்திரள்! படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே போய்வந்தவரின் படங்களிலிருந்து மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார்கள். சாம்பலும் பழுப்புமாக வீடுகள், நீர், கரை, பிறகு அதுவும் கரைந்து வெறும் வண்ணத் திட்டுகள். 2018இல் தில்லியில் காலமாகும்வரை அந்தப் பழைய மனிதர்கள் முன்போலத் திரும்பி வரவில்லை. ஏனென்று விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவருக்கு முகம் வரையத் தோன்றாமல் போயிருக்கலாம். இது என் ஊகம்தான்.

நம் சங்கப் பாடல்களில் வரும் தலைவியும் தூக்கம் வராமல் தவித்தவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். பாதிப் பாட்டு தோழியிடம் சொல்வதுதான். தோழி இல்லையென்றால் நெஞ்சிடம், நண்டிடம், நாரையிடம். ராம் குமாரின் பட்டதாரிகளுக்கு ஒரு நாரைகூட இல்லை.

இதையெல்லாம் சொல்வதால், நீண்ட முகம் வரைந்தவரெல்லாம் தனிமையின் ஓவியர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திறப்பு விழாவில் சமோசா சாப்பிட்டுக்கொண்டே 'அந்நியமாதல்' பற்றிப் பேசுவது இந்த ஊரில் ஒரு வழக்கம். சில படங்களில் முகம் கோணலாக இருப்பதற்குக் காரணம், வரைந்தவருக்கு அவ்வளவுதான் வரும் என்பது.

போன வாரம் பையன் போன் செய்தான். 'மூன்று பெண்கள்' அஞ்சலட்டை ஒன்றை லைப்ரரியில் தன் தடுப்பில், டைம்டேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறானாம். தண்ணீர் பிடிக்க எழுந்த பக்கத்து நாற்காலிக்காரன் நின்று, இவர்கள் யார் என்று இந்தியில் கேட்டானாம். ஐந்து மாதத்தில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ என்ன சொன்னே?"

"பேர் தெரியாதுன்னேன் அத்தை."

"அவன் பேரைக் கேட்டியா?"

மறுமுனையில் கொஞ்சம் சத்தமில்லை. "நாளைக்குக் கேக்கறேன்," என்றான்.