மீட்டர்ல 1.1 வந்தா போதுமா? ட்யூனரும் லீனியரும்

வணக்கம் நண்பர்களே. "100 வாட் ரிக் இருக்கு, அடுத்து ஒரு லீனியர் வாங்கிடலாமா?" தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதுசா ஹாம் ரேடியோ (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்தவங்க இதைத்தான் முதல்ல யோசிக்கிறாங்க. ரிக்னா நாம பேசவும் கேக்கவும் வச்சிருக்கிற ரேடியோ செட், லீனியர்னா அதோட பவரைக் கூட்டுற ஆம்ப்ளிஃபையர். உங்க லைசென்ஸ்ல போட்டிருக்கிற பவர் வரம்புக்குள்ள தாராளமா வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க ட்யூனர் (ரிக்குக்கு ஆன்டெனாவைப் பொருத்திக் கொடுக்கிற பெட்டி) உங்களை ஏமாத்துதான்னு பார்த்துடணும்.

நம்ம ஊர்ல பெரும்பாலும் இருக்கிற செட்டப்பையே எடுத்துக்குவோம். ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் ஆன்டெனா, பக்கத்துக்கு 10 மீட்டர் ஒயர். அங்கிருந்து வீட்டுக்கு 30 மீட்டர் ஆர்ஜி 58 கோஆக்ஸ் கேபிள். 40 மீட்டர் பேண்டுல, அதாவது இந்த 7 மெகாஹெர்ட்ஸ்ல, இது அருமையா வேலை செய்யும். பகல்ல சென்னை, மதுரை எல்லாம் தெளிவா கிடைக்கும். இதே ஒயர்ல 14 மெகாஹெர்ட்ஸ் போகணும்னு ஆசை வரும். அங்கதான் சிக்கல். 14-ல அந்த ஒயர் முழு அலை நீளம் ஆயிடுது. நடுவுல ஃபீட் பண்ற (கேபிள் சேர்ற) இடத்துல இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு) ஆயிரக்கணக்கான ஓம் போயிடும். மேல ஆன்டெனா முனையில எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துதுன்னு சொல்ற அளவு, 1 வந்தா கச்சிதம்) 60-ன்னு வச்சுக்குங்க. கீழ ரூம்ல மீட்டர் என்ன காட்டும் தெரியுமா? நாலரை!

ஏன்னா, திரும்பி வர்ற பவர் கோஆக்ஸ்லயே மேலயும் கீழயும் போய்ப் போய் கரைஞ்சுடுது. மீட்டருக்கு வந்து சேர்றது கொஞ்சம்தான். நாலரையைத் தனியா வைக்கிற ட்யூனர் சுலபமா 1.1-க்கு கொண்டு வந்துடும். ரிக்கும் முழு 100 வாட் தள்ளும். கணக்கு போட்டா இந்தக் கேபிள்ல 11 டிபிக்கு (டெசிபல், பவர் கூடுறதையும் குறையறதையும் சொல்ற அளவு) மேல இழப்பு. ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்றது 7 வாட். மிச்சம் 93 வாட்டும் பெரும்பாலும் கேபிளைச் சூடாக்கத்தான். இதுல 400 வாட் லீனியர் போட்டீங்கன்னா மேல போறது 29 வாட். 5 மீட்டர், 5 மீட்டர்னு ரெண்டு துண்டு ஒயரை அதே ஃபீட் பாயிண்ட்ல சேர்த்துக் கட்டி 20 மீட்டர் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) தனி டைபோல் ஆக்கினா, வெறும் 100 வாட் ரிக்கே இந்த லீனியரை அடிச்சுடும். பல பேண்டுக்கும் ஒரே ஒயர்தான் வேணும்னா கோஆக்ஸை விட்டுட்டு 450 ஓம் லேடர் லைன் (ஏணி மாதிரி ரெண்டு ஒயர் உள்ள லைன்) போடுங்க. எஸ்.டபிள்யூ.ஆர் எகிறினாலும் அதுல இழப்பு ரொம்பக் குறைவு. ட்யூனர் அதோடதான் நியாயமா வேலை செய்யும்.

இன்னொண்ணு, 100-ல இருந்து 400 வாட் போறது 6 டிபி. எதிராளி மீட்டர்ல ஒரே ஒரு எஸ் யூனிட்தான் (சிக்னல் வலிமையைக் காட்டுற ஒரு படி). அதுக்கு எவ்வளவு செலவுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

சரி, ஆன்டெனா ஒழுங்கா இருக்கு, லீனியர் வந்தாச்சு. வரிசையைக் கவனிங்க: ரிக், லீனியர், எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர், ட்யூனர், கடைசியா ஆன்டெனா. ரிக் உள்ள இருக்கிற ஆட்டோ ட்யூனரை ஆஃப் பண்ணிடுங்க. அது லீனியருக்கு முன்னாடி உக்காந்திருக்கு, ஆன்டெனாவுக்கு எந்த உதவியும் பண்ணாது.

இப்ப கேமராவை ட்யூனர் கிட்ட கொண்டு வர்றேன். இது டி நெட்வொர்க். ரெண்டு ஓரத்துலயும் கெப்பாசிட்டர், நடுவுல காயில் சுவிட்ச். லீனியர் ஸ்டாண்ட்பைல இருக்கணும். ரெண்டு கெப்பாசிட்டரையும் பாதியில வைங்க. ரிசீவ்ல வச்சுக்கிட்டே காயில் சுவிட்சைத் திருப்புங்க. இரைச்சல் எங்க அதிகமா கேக்குதோ அங்க நிறுத்துங்க. அப்புறம் ரிக்ல 10 வாட் கேரியர் (பேச்சு இல்லாத வெறும் சிக்னல்) மட்டும் கொடுத்து, ரெண்டு கெப்பாசிட்டரையும் மாத்தி மாத்தித் திருப்பி, ரிஃப்ளெக்டட் (திரும்பி வர்ற) பவர் இறங்குற இடத்தைப் பிடிங்க. இதோட முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. டி நெட்வொர்க்ல ஒரே ஆன்டெனாவுக்குப் பல இடத்துல மேட்ச் கிடைக்கும், எல்லாமே நல்ல மேட்ச் கிடையாது. காயிலைக் குறைச்சு, கெப்பாசிட்டரைக் கூட்டி, இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க. காயில் கம்மியா, கெப்பாசிட்டர் அதிகமா இருக்கிற மேட்ச்லதான் இழப்பு குறைவு. அந்த மேட்ச்ல நாப் நிக்கிற நம்பரை பேண்ட் வாரியா எழுதி ட்யூனர் மேலயே ஒட்டி வைங்க. பவர் போயிட்டிருக்கும்போது காயில் சுவிட்சைத் தொடவே கூடாது, காண்டாக்ட் எரிஞ்சுடும்.

இப்ப லீனியரை ஆப்பரேட்ல போட்டு, குறைஞ்ச டிரைவ்ல (ரிக்ல இருந்து லீனியருக்குப் போற பவர்) ஆரம்பிச்சு மெல்ல ஏத்துங்க. 10 வாட்ல சும்மா இருந்த ட்யூனர் 400-ல படபடன்னு பொறி அடிச்சா, ஆச்சரியப்படாதீங்க. 2,000 ஓம் லோடுல 400 வாட்னா உச்ச வோல்டேஜ் 1,250-க்கு மேல. கெப்பாசிட்டர் தகடுகளுக்கு நடுவுல அவ்வளவு இடைவெளி வேணும். அதனால ட்யூனர் வாங்கும்போதே லீனியரோட பவருக்கு மேல தாங்குறதா பாருங்க.

சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்) லீனியர் சாகிறதுக்கு ரெண்டு காரணம் அடிக்கடி பார்க்கலாம். ஒண்ணு, பேண்டை மாத்திட்டு லீனியரோட ஃபில்டரை மாத்தாம 14-ல பேசுறது. 7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் அந்தப் பவர் முழுசையும் டிரான்சிஸ்டருக்கே திருப்பி அனுப்பிடும். இன்னொண்ணு, பேச ஆரம்பிக்கும்போது ரிக் விடுற முதல் வீச்சு. 20 வாட்ல செட் பண்ணியிருந்தாலும் சில ரிக் முதல் நொடியில 100 வாட் ஸ்பைக் விடும். நடுவுல ஒரு அட்டென்யுவேட்டர் (பவரைக் குறைக்கிற பாகம்) போட்டா அந்தப் பயம் இல்லை. பழைய ட்யூப் லீனியர் சிலதுல பிடிடி (பேச அமுக்கும்போது லீனியரை ஆன் பண்ற) லைன்லயே 100 வோல்ட்டுக்கு மேல இருக்கும். அதை நேரா ரிக்ல சொருகினா கீயிங் டிரான்சிஸ்டர் போயிடும், நடுவுல சின்ன ரிலே ஒண்ணு கட்டாயம்.

கிராமத்துல மோட்டார் ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்கும். 3-500இசட் மாதிரி ட்யூபுக்கு ஃபிலமென்ட் (உள்ள சூடாகுற கம்பி) 5 வோல்ட், அதுல 5 சதவீதத்துக்கு மேல கூடவோ குறையவோ கூடாது. அதனால லோடு தாங்குற ஸ்டெபிலைசர் போடுங்க, டிரைவ் கொடுக்கும்போது ஃபிலமென்ட் வோல்டேஜை அளந்து பாருங்க.

எர்த் விஷயம் நம்ம மாவட்டங்கள்ல தனிக்கதை. பல இடத்துல ரெண்டு அடி தோண்டினா பாறை. பாறையில அடிச்ச ஒத்தைக் கம்பியை நம்பி ஆர்எஃப் (ரேடியோ அலை) எர்த் கிடைச்சுதுன்னு நினைக்காதீங்க. மைக்கைத் தொட்டா உதட்டுல சுரீர்னு சுடுதுன்னா, கோஆக்ஸோட வெளி உறையில ஆர்எஃப் ரூமுக்குள்ள வருதுன்னு அர்த்தம். எஃப்டி 240-43 ஃபெரைட் வளையத்துல கோஆக்ஸை 12 சுத்து சுத்தி ஃபீட் பாயிண்ட்ல ஒண்ணு, ரூம் வாசல்ல ஒண்ணு போடுங்க. லீனியர் போட்டதும் இந்தத் தொல்லை ரெட்டிப்பாகும், அதனால லீனியருக்கு முன்னாடியே இதைப் பண்ணிடுங்க.

ட்யூப் லீனியர் மூடியைத் திறக்கிறதுன்னா பிளக்கைப் பிடுங்கி, சில நிமிஷம் விட்டு, மீட்டர்ல ஹை வோல்டேஜ் பூஜ்யம் ஆனதைப் பாருங்க. அப்புறமும் இன்சுலேட்டட் கைப்பிடி உள்ள கம்பியோட ஒரு முனையைச் சேசிஸ்ல நல்லா கிளிப் பண்ணிட்டு, மறுமுனையால பிளேட் கேப்பை (ட்யூப் தலையில இருக்கிற ஹை வோல்டேஜ் முனை) தொட்டு ஷார்ட் பண்ணின பிறகுதான் உள்ள கை வைக்கணும். பவர் சப்ளை கெப்பாசிட்டர்ல நிக்கிற சார்ஜை வடிக்கிற பிளீடர் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருந்தா, பிளக் வெளிய இருந்தாலும் அந்தக் கெப்பாசிட்டர்ல 2,500 வோல்ட் அப்படியே நிக்கும்.