ஆட்டுக்கல்லுக்கு இரண்டு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

அடுக்களையைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும், "உங்களுக்கு அதில் என்ன தகுதி?" என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். ஒரே தகுதிதான். சின்ன வயதில் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து உள்ளி உரித்திருக்கிறேன். உள்ளி என்றால் சின்ன வெங்காயம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பல்லாரி என்று பெயர். கர்நாடகத்துப் பெல்லாரி அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. சரி, அதை விடுங்கள்.

உள்ளி உரிக்கிற பையனை யாரும் கவனிப்பதில்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை. அதனால் பெரியவர்கள் பேசுவதெல்லாம் அவன் காதில் விழும். தாத்தா ஒரு சமயம் கடன்பட்டு ஊரைவிட்டே போனது, பெரிய அத்தைக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை வேறு ஆள் என்பது, எல்லாமே உள்ளி உரித்துத் தெரிந்துகொண்டவைதான்.

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன். ஒருவரை எதிரே உட்கார வைத்து, "மனசு விட்டுப் பேசு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வார்த்தை வராது. கை வேலையில் இருக்க வேண்டும், கண் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒருவர் குழவியைச் சுற்றுவார், இன்னொருவர் மாவைத் தள்ளிவிடுவார். இரண்டு பேரும் பார்ப்பது குழியைத்தான். முகம் பார்க்கத் தேவையே இல்லை. மாமியாரிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை மருமகள் மாவைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆச்சிக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. காரணம், ஒரு பித்தளைத் தூக்குவாளி. ஆச்சியைக் கேட்காமல் அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். பதினோரு நாள்! இரண்டு பேரும் ஒரே அடுக்களையில் மூன்றடி தூரத்தில் இருப்பார்கள். நடுவில் நான் தபால்காரன். "ஏல, புளி எங்க இருக்குன்னு உங்கம்மாகிட்ட கேளு." "உங்க ஆச்சிகிட்ட சொல்லு, உறியில இருக்குன்னு." இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை நடக்காது.

பன்னிரண்டாம் நாள் வீட்டில் விருந்து. சொதி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிதான் ராஜா. தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் பிழிய வேண்டும். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய்கள் வேகும். பாசிப்பருப்பை வேக வைத்துச் சேர்ப்பார்கள். கெட்டியான முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது. நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் திரிந்துவிடும்.

அம்மா முதல் பாலை ஊற்றிவிட்டு, குனிந்து அடுப்பில் விறகை இழுத்துக்கொண்டிருந்தாள். புகை. பானையில் நுரை ஏறுவதை அவள் பார்க்கவில்லை. ஆச்சி பார்த்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தாள். அதற்கெல்லாம் நேரம் ஏது?

"ஏட்டி, இறக்கு! திரியப் போவுது!"

"இறக்கிட்டேன் அத்தை."

அவ்வளவுதான். அடுத்து, "எலுமிச்சம்பழம் எங்கட்டி வச்சிருக்க?" என்று நேரடியாகவே கேள்வி வந்தது. தபால்காரனுக்கு வேலை போய்விட்டது. தூக்குவாளியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. அது திரும்பி வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் கேட்டு, பழைய காலம்தான் நல்ல காலம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். ஆட்டுக்கல்லைப் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலும் அவர்கள் ஆட்டியிருக்க மாட்டார்கள். ஆச்சிக்குக் கடைசிவரை வலது தோள் வலி. கோயம்புத்தூர்க்காரர்கள் கிரைண்டர் செய்து கொடுத்தது பெரிய புண்ணியம். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது ஊரில் கேலி பேசினார்கள். நான் பேசவில்லை. கிரைண்டர் வந்ததில் ஒன்றே ஒன்றுதான் குறை. மாவு தள்ளிவிட இன்னொரு ஆள் தேவையில்லாமல் போய்விட்டது.

ஆனாலும் பேச்சு எப்படியோ வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. பெங்களூரில் இருக்கிற என் மகள் போனை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். "உப்பு எவ்வளவு?" "கண் அளவு போடு." "யார் கண்ணு அம்மா?" இதில் சொதிக்கு ஐந்து நிமிடம், மற்றதற்கு ஒரு மணி நேரம். வேலையை விடப் போகிறேன் என்று அவள் சொன்னதே பீன்ஸ் நறுக்கும்போதுதான். அதே பெண், போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். நான் சொன்னேனே, கை வேலையில் இருக்க வேண்டும்!

அப்புறம், ஆண்களைப் பற்றி நிறையச் சொல்லலாம் என்று குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம்தானாம். 2019இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கு எடுத்தது. ஒரு நாளில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அந்த மீதி 74 பேரில் யாராவது இப்போது வானொலி கேட்டுக்கொண்டிருந்தால், உள்ளி உரிக்க உட்காருங்கள் ஐயா. வீட்டுச் செய்தியெல்லாம் அங்கேதான் ஓடுகிறது.

வடகம் போடுவதைப் பற்றியும், மொட்டை மாடியில் காக்கா விரட்டியதைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். முடியாது போலிருக்கிறது. சொதிக்கு இஞ்சிப் பச்சடிதான் சரியான ஜோடி, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.