உர் நகரம் எப்போது விழுந்தது?

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள், உலகின் பண்டைய நாகரிகங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும். எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் முக்கால் மணி. எகிப்துக்குப் பத்து நிமிடம், ரோமுக்குப் பத்து நிமிடம், மாயாவுக்கு ஐந்து என்று பங்கு வைத்துப் பேசினால், வீட்டுக்குப் போகும்போது நாலு ராஜா பெயரும் ஒரு பிரமிடும்தான் உங்களுக்கு மிஞ்சும். அதனால் தலைப்பு வைத்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். தெற்கு ஈராக்கில், இன்றைய நசிரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் உர்.

அது எப்போது விழுந்தது என்று புத்தகத்தைப் புரட்டினால் கிமு 2004 என்று இருக்கும். பத்திருபது ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம், அது அறிஞர்களின் சண்டை, நமக்கு வேண்டாம். என் சிக்கல் வேறு. அந்த ஆண்டில் விழுந்தது ஓர் அரசாங்கம். அதுவும் ஒரே நாளில் விழவில்லை, இருபது வருடமாகத் துண்டு துண்டாக உதிர்ந்தது. நகரமோ அதற்கப்புறமும் ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் 'நாகரிகம் அழிந்தது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் எழுந்த கதை. கிமு 2112 வாக்கில் உர்-நம்மு என்பவர் அங்கே ஆட்சிக்கு வருகிறார். நன்னா என்ற நிலாக் கடவுளுக்கு அவர் எழுப்பத் தொடங்கிய படிக்கட்டுக் கோபுரம், சிகுராத் என்பார்கள், அதன் அடித்தளம் இன்றும் நிற்கிறது. சுட்ட செங்கல்லைத் தாரை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், செங்கல்லில் ராஜாவின் பெயரை முத்திரையாகக் குத்தியிருக்கிறார்கள். இன்று நமக்குக் கிடைத்திருக்கிற சட்டத் தொகுப்புகளிலேயே பழையதும் இவர் பெயரில்தான் இருக்கிறது. சட்டத்துக்குப் பேர்போன பாபிலோன் ராஜா ஹமுராபிக்கு முந்நூறு வருடத்துக்கும் மேல் முந்தியது. கண்ணுக்குக் கண் என்ற பேச்சே அதில் இல்லை, எலும்பை உடைத்தால் இத்தனை வெள்ளி, மூக்கை அறுத்தால் இத்தனை வெள்ளி என்று அபராதம்தான். அனாதையைப் பணக்காரனிடம் ஒப்படைக்கவில்லை, விதவையை வலியவனிடம் ஒப்படைக்கவில்லை என்று முன்னுரையில் பெருமை பேசிக்கொள்கிறார். எல்லா அரசாங்கமும் முன்னுரையை நன்றாகத்தான் எழுதும், அதை விடுங்கள்.

அவர் மகன் ஷுல்கி 48 வருடம் ஆண்டார். ஒரே நாளில் நிப்பூரிலிருந்து உர் வரை ஓடிப் போய்த் திரும்பியும் வந்தேன், இரண்டு ஊர் விழாவிலும் கலந்துகொண்டேன் என்று தன்னைப் பற்றிப் பாட்டு எழுத வைத்தவர். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நம்புவது உங்கள் விருப்பம். ஆனால் நிர்வாகத்தில் அவர் செய்ததை நம்பாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அதற்கு ரசீது இருக்கிறது. எடை, அளவு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார், மாகாணங்கள் முறை வைத்து மையத்துக்குப் பொருள் அனுப்ப ஏற்பாடு செய்தார், நிப்பூருக்குப் பக்கத்தில் புஸ்ரிஷ்-தகான் என்ற இடத்தில் ஆடுமாடுகளுக்கென்றே ஒரு பெரிய வரவு செலவு நிலையம் வைத்தார்.

இந்த வம்சம் ஆண்ட நூறு வருடத்திலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் பல. ஈர மண்ணில் நாணல் குச்சியால் குத்திக் குத்தி எழுதியது. கொழுத்த ஆடு ஒன்று, இன்னாரிடமிருந்து வந்தது, இன்னார் வாங்கிக்கொண்டார், இந்த மாதம், இந்த நாள். முடிந்தது. ஆடு செத்துப்போனாலும் விட மாட்டார்கள், செத்த ஆடு என்று தனியாக வரவு வைப்பார்கள்.

மனிதர்களுக்கும் இதே கணக்குதான். அரசுத் தறிக்கூடத்தில் நெசவு நெய்யும் பெண்ணுக்கு மாதம் 30 சிலா பார்லி. சிலா என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். ஆண் கூலியாளுக்குப் பெரும்பாலும் 60. குழந்தைக்கு வயதுக்கேற்றபடி இன்னும் குறைவு. மாவு அரைக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஒரு நாளில் இவ்வளவு மாவு அரைத்தாக வேண்டும் என்று அளவு நிர்ணயித்திருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஒருவர். வருடக் கடைசியில் அவருக்கு ஒரு பெரிய பலகை போடுவார்கள். உன்னிடம் இத்தனை ஆள்நாள் கொடுத்தோம், அதோடு போன வருடப் பாக்கி இவ்வளவு, நீ ஒப்படைத்த மாவு, வாய்க்கால் வேலை எல்லாவற்றையும் ஆள்நாளாக மாற்றினால் இவ்வளவு, ஆக நீ இன்னும் இத்தனை பாக்கி. அந்தப் பாக்கி அடுத்த வருடத் தலையில் ஏறும். பல மேஸ்திரிகளுக்கு அது கடைசிவரை தீர்ந்ததாகவே தெரியவில்லை. செத்துப்போனால் வீட்டையும் சொத்தையும் வீட்டாரையும் அரசு எடுத்துக்கொள்ளும். உரின் எழுச்சி என்று சிகுராத் படத்தைப் போடுகிறவர்கள் இந்த மேஸ்திரியின் பலகையையும் பக்கத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

இடையில் ஒரு செய்தி, நம் துணைக்கண்டத்தோடு தொடர்புடையது என்பதால் சொல்கிறேன். சிந்துவெளி முத்திரைகளும் சிவப்புக் கார்னீலியன் மணிகளும் உரில் அகழ்ந்தபோது கிடைத்தன. சுமேரியர்கள், அதாவது உர் இருந்த அந்தத் தெற்குப் பகுதியின் அன்றைய மக்கள், மெலுஹா என்று சொன்ன நாடு சிந்துவெளிதான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த உர் அரசர்களின் காலத்துப் பலகைகளில், லகாஷ் பகுதியில் 'மெலுஹா கிராமம்' என்றே ஒன்று வருகிறது. கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசுகளாக இருக்கலாம், அவர்கள் அங்கே சுமேரியப் பெயர் வைத்துக்கொண்டு பார்லி அளந்துகொண்டிருக்கிறார்கள். வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, விழுந்த கதைக்கு வருவோம். இதைச் சொல்ல ஓர் அருமையான சாட்சி இருக்கிறது, அவர்களின் ஆண்டுப் பெயர்கள். ஆண்டுகளுக்கு அவர்கள் எண் போடுவதில்லை. நம் பிரபவ, விபவ மாதிரி சுழன்று வருகிற பெயரும் இல்லை, ஒவ்வொரு ஆண்டுக்கும் ராஜா செய்த காரியத்தை வைத்துப் புதிதாகப் பெயரிட்டு எல்லா ஊருக்கும் அறிவிப்பார்கள். ஆட்டு ரசீதின் அடியில்கூட அந்தப் பெயர் இருக்கும். ஷு-சின் என்ற ராஜாவின் நாலாம் ஆண்டுக்குப் பெயர், அமோரியரைத் தடுக்கும் சுவரை அரசர் கட்டிய ஆண்டு. மேற்கேயிருந்து மந்தைகளோடு வந்துகொண்டிருந்த மக்கள் அமோரியர்கள், அவர்களைத் தடுக்க நாட்டுக்கே ஒரு சுவர். சுவர் கட்ட வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை ஒரு சாதனையாகவே ஆண்டுக்குப் பெயர் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள், பாருங்கள்.

அடுத்து வந்தவர் இப்பி-சின், கிமு 2028 வாக்கில். அவருடைய இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே எஷ்னுன்னா, சூசா போன்ற வெளி நகரங்களின் பலகைகளில் இவர் வைத்த ஆண்டுப் பெயர் நின்றுபோகிறது. அப்புறம் லகாஷ், உம்மா என்ற உள் மாகாணங்கள். ஏழெட்டு வருடத்துக்குள் நிப்பூரும். எந்த ஊர் எப்போது கைவிட்டுப் போனது என்பது போர்க்களக் கல்வெட்டில் இல்லை, ரசீதின் கடைசி வரியில் இருக்கிறது! ஆடுமாட்டு நிலையத்தின் கணக்கும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் வற்றிவிடுகிறது. இதே காலத்தில் தலைநகரில் ஆண்டுக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்? ஐந்தாம் ஆண்டு, சப்ஷாலி நாட்டு அதிபருக்கு அரசரின் மகளைக் கட்டிக்கொடுத்த ஆண்டு. ஆறாம் ஆண்டு, நிப்பூருக்கும் உர் நகரத்துக்கும் பெரிய மதில் கட்டிய ஆண்டு. நாட்டுக்குச் சுவர் எழுப்பியவர்கள் இப்போது ஊரைச் சுற்றி எழுப்புகிறார்கள்.

மாகாணம் போனால் பார்லியும் போகும். உர் தன் சாப்பாட்டுக்கு மற்ற ஊர்களை நம்பி வளர்ந்த தலைநகரம். விலை பல மடங்கு ஏறிவிட்டது. அப்போது இஷ்பி-எர்ரா என்ற அதிகாரியைத் தானியம் வாங்க வடக்கே அனுப்புகிறார் ராஜா. அவர்கள் எழுதிக்கொண்டதாக இருக்கும் கடிதங்கள் பிற்காலப் பள்ளிக்கூடப் பிரதிகளாகத்தான் கிடைத்திருக்கின்றன, பையன்கள் எழுத்துப் பழகப் படியெடுத்தவை. அப்படியே நம்பிவிட முடியாது, ஆனால் கணக்கு மட்டும் உர்க்காரர்களுக்கே உரிய கச்சிதத்தோடு இருக்கிறது. இஷ்பி-எர்ரா எழுதுகிறார்: கொடுத்தது 20 தாலந்து வெள்ளி, அதாவது சுமார் 600 கிலோ. ஒரு ஷெகல் வெள்ளிக்கு (சுமார் 8 கிராம்) ஒரு குர் (300 சிலா) வீதம் 72,000 குர் பார்லி வாங்கினேன். அமோரியர்கள் நாட்டுக்குள் புகுந்துவிட்டார்கள், அதனால் தானியத்தை இசின் நகரத்துக்குள் பத்திரப்படுத்திவிட்டேன். கொண்டுவர 120 குர் பிடிக்கிற படகு 600 அனுப்பி வையுங்கள். இசினையும் நிப்பூரையும் காக்கும் பொறுப்பை என்னிடம் கொடுங்கள். உங்கள் அரண்மனைக்குப் பதினைந்து வருடத்துக்குத் தானியம் என்னிடம் இருக்கிறது.

அறுநூறு படகைப் பெருக்கிப் பாருங்கள், 72,000 சரியாக வரும். படகு போனதோ இல்லையோ, தானியம் இசினிலேயே தங்கிவிட்டது. இஷ்பி-எர்ராவும் தங்கிவிட்டார், கிமு 2017 வாக்கில் தானே ராஜா என்று அறிவித்துக்கொண்டார். மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கைத் தெய்வம் உயர்த்திவிட்டது என்று இன்னொரு கடிதத்தில் இப்பி-சின் புலம்புகிறார். அதற்கப்புறமும் பத்து வருடத்துக்கு மேல், பெயருக்கு நாடாளும் ராஜாவாக, உண்மையில் ஒரே ஒரு பசித்த ஊரின் ராஜாவாக அவர் உட்கார்ந்திருந்தார். 22ஆம் ஆண்டின் பெயர், தெய்வங்கள் ஏவிய பெருவெள்ளத்திலும் உர் நகரத்தை அரசர் அசையாமல் காத்த ஆண்டு. இரண்டு வருடத்தில் கிழக்கே இருந்து எலாமியர்கள் வந்தார்கள், ஊரைச் சூறையாடினார்கள், ராஜாவையும் நன்னாவின் சிலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலை திரும்பி வந்தது, இஷ்பி-எர்ராவின் மகன் மீட்டுக்கொண்டு வந்தார். ராஜா வரவில்லை.

இதற்கெல்லாம் உப்புதான் காரணம் என்று சிலர் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். 1958இல் யாக்கோப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது அது. பாசனம் செய்யச் செய்ய நிலத்தடி நீர் மேலே வரும், வெயிலில் ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகும், நிலம் களராகும். கோதுமை தாங்காது, பார்லி ஓரளவு தாங்கும். தெற்கே கோதுமை குறைந்து பார்லி கூடியதையும், விளைச்சல் இறங்கியதையும் காட்டினார்கள். உப்பு உண்மை, இன்றைக்கும் அங்கே நிலம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பழைய கணக்குகளை அவர்கள் படித்த விதத்தைப் பின்னால் வந்தவர்கள் பலமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தரிசு போட்டு உப்பைச் சமாளிக்க அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிமு 2200 வாக்கில் வந்த பெரிய வறட்சியையும் காரணமாகச் சொல்வதுண்டு, ஆனால் அதில் அடிபட்டதாகச் சொல்லப்படுவது அதற்கு முன் அந்தப் பகுதியை ஆண்ட அக்காத் பேரரசு, உர் அதற்குப் பிறகுதானே எழுந்தது? என்னைக் கேட்டால் உப்பும் வறட்சியும் அரசாங்கத்தின் கையிருப்பைக் குறைத்திருக்கும். எல்லாத் தானியத்தையும் ஒரே இடத்துக்கு இழுத்துப் பங்கு போடுகிற ஏற்பாட்டில் கையிருப்பு குறைந்தால் மாகாணத்துக்காரன் ஏன் அனுப்ப வேண்டும்? அனுப்பாமல் இருந்தாலே போதும், யாரும் வாளை எடுக்க வேண்டியதில்லை. லகாஷும் உம்மாவும் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

தறிக்கூடத்துப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? மேஸ்திரியின் பாக்கியை யார் கேட்டார்கள்? பலகைகள் நின்றுவிட்டதால் அவர்கள் நம் கண்ணிலிருந்து மறைகிறார்கள். 30 சிலா நின்றபோது பட்டினி கிடந்தவர்கள் இருந்திருப்பார்கள், உர் அழிந்ததைப் பாடும் புலம்பல் பாடல்கள் தெருவில் கிடக்கிற பிணங்களைச் சொல்கின்றன. அந்தப் பாடல்கள் இசின் ராஜாக்களின் காலத்தில் உருவானவை. உர் நகரத்துக்கு அரசுரிமை கொடுக்கப்பட்டது, நிரந்தரமாகக் கொடுக்கப்படவில்லை என்று தெய்வமே சொல்வதாக ஒன்றில் வரும். யாருக்குச் சாதகமான தெய்வ வாக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அழுகை உண்மையாகவும் இருக்கலாம், அதில் அரசியலும் இருக்கலாம்.

ஆனால் ஊர் காலியாகவில்லை. எலாமியக் காவல்படையை இஷ்பி-எர்ராவே பின்னால் விரட்டினார், கோவில்கள் திரும்பக் கட்டப்பட்டன, கடல் வணிகம் மறுபடி நடந்தது. இணையத்தில் கேலிப் படமாகச் சுற்றுகிற ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரியை உங்களில் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கும். மட்டமான செம்பைக் கொடுத்துவிட்டாய், என் ஆட்களை மதிக்காமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாய் என்று நன்னி என்பவர் அவருக்கு எழுதிய புகார்ப் பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது கிமு 1750 வாக்கு, இடம் இதே உர். 'அழிந்து' 250 வருடம் ஆன ஊரில் செம்பின் தரத்துக்குச் சண்டை நடக்கிறது.

பாபிலோனிய ராஜா ஒருவர் கலகத்தை அடக்குகிறேன் என்று பிறகு மதிலை இடித்தார், பின்னால் பாபிலோனை ஆண்ட காசைட்டுகள் வந்து பழுது பார்த்தார்கள். வேகமாகச் சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கிமு ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதஸ் தன் மகளை நன்னா கோவிலில் தலைமைப் பூசாரியாக அமர்த்தினார், சிகுராத்தையும் புதுப்பித்தார். அதன் மூலைகளில் அவர் புதைத்து வைத்த களிமண் உருளைகள் கிடைத்திருக்கின்றன. உர்-நம்மு தொடங்கினார், முடிக்கவில்லை, மகன் ஷுல்கி முடித்தார், அது பழசாகிவிட்டது, நான் பழுது பார்த்தேன் என்று அவற்றில் எழுதியிருக்கிறார். பழைய கல்வெட்டுகளைப் படித்துத் தெரிந்துகொண்டதாக அவரே சொல்கிறார், ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் பழைய பெயர்கள்!

அதற்கப்புறம் ஊர் நீண்ட காலம் தாங்கவில்லை. இந்த முறை எதிரி யாரும் வரவில்லை. யூப்ரடிஸ் ஆறு படுகையை மாற்றிக்கொண்டு தள்ளிப் போய்விட்டது, கடலும் வண்டல் சேர்ந்து சேர்ந்து எப்போதோ தெற்கே விலகியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத ஊரில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், கிளம்பிவிட்டார்கள். அந்த ஆண்டுக்குப் பெயர் வைக்க ராஜா யாரும் இல்லை, அதனால் அது எந்த ஆண்டு என்று எந்தப் பலகையிலும் இல்லை.

சிந்துவெளியை ஏன் பேசவில்லை என்று பின்வரிசையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. கேள்வி நேரத்தில் முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.