மீட்டரை நம்பி மோசம் போனேன்

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் டிஃபரன்ஷியலை, அதாவது பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பெட்டியைப் பிரித்து, அதற்குள் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றி, ஆயில் ஊற்றி மூடியதோடு நிறுத்திவிட்டேன். மைலேஜ் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை. குறைந்துபோயிருந்தது. கேமரா முன்னால் வந்து அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. என்னுடையது பழைய ரியர் வீல் டிரைவ் கார், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், 5 லிட்டர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பந்தயப் பிரியர். பின்னால் 4.10 போட்டிருந்தார். அதாவது பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.10 சுற்றுச் சுற்ற வேண்டும். கிளம்பும்போது முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும், அதில் குறையே இல்லை. ஆனால் டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனாலே இன்ஜின் நிமிடத்துக்கு 2,650 சுற்றில் நிற்கும். லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான்.

100-இல் சீராகப் போக இவ்வளவு பெரிய இன்ஜின் தேவையே இல்லை. அதனால் இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவான திராட்டில் ஓர் இடுக்கு அளவுக்குத்தான் திறந்திருக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் பிஸ்டன் காற்றை இழுக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது மாதிரி. சுற்றைக் குறைத்தால் அதே வேலைக்குத் திராட்டில் இன்னும் கொஞ்சம் திறக்கும், மூச்சுத் திணறல் குறையும், உராய்வும் குறையும். 1997-இல் வந்த கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் மேனுவல் கியர்பாக்ஸில் ஆறாவது கியர் 0.50. வெளியே போகும் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். வேகத்துக்கென்றே செய்த காரிலும் ஹைவேக்கு என்று ஒரு கியரை ஒதுக்கியிருக்கிறார்கள். என் கியர்பாக்ஸில் அந்த வசதி இல்லை, அதனால் பின்னால் கை வைத்தேன். 3.55 போட்டேன். பினியன் 11 பல், கிரவுன் 39.

போட்டுவிட்டு ஓட்டினால் லிட்டருக்கு 8. எங்கேயோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஊசி 100-இல் நின்றபோதும் காற்றுச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

மறுநாள் போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுப் பார்த்தேன். இதோ, அன்றைக்கு எடுத்த படம். மீட்டரில் 100, போனில் 115.

இந்தப் பழைய காரில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. டிஃபரன்ஷியல் அதற்கும் பின்னால் இருக்கிறது. பல்லை மாற்றியதும் அதே தூரத்துக்குத் தண்டு குறைவாகச் சுற்றுகிறது, ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் 87 என்றுதான் எழுதும். அதாவது நான் 8 என்று கணக்குப் போட்டது உண்மையில் ஒன்பதுக்கும் மேலே. அதுவும் 115-இல் ஓட்டிக்கொண்டு! காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100-க்கும் 115-க்கும் இடையில் அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அத்தனையையும் சுமந்துகொண்டும் வண்டி பழைய மைலேஜைத் தந்திருக்கிறது, நான்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய டயர் மாட்டினாலும் இதே கூத்துதான். புதிய வண்டிகள் பலவற்றில் வேகத்தை வீல் சென்சாரிலிருந்து எடுப்பதால் கிரவுன் பினியன் மாற்றினால் மீட்டர் தப்பாகக் காட்டாது, டயர் அளவு மாறினால் தப்பாகக் காட்டும்.

மீட்டரைச் சரிசெய்ய ஆன வேலை சின்னது. கேபிள் நுனியில் இருக்கும் இந்தப் பிளாஸ்டிக் கியர், கட்டைவிரல் அளவுதான். 22 பல் இருந்ததை எடுத்துவிட்டு 19 பல் போட்டேன். இப்போது மீட்டரும் போனும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன.

அப்புறம் பின்னால் இருந்த அந்தப் பெரிய விங்கையும் கழற்றிவிட்டேன். வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரை அழுத்திப் பிடிக்கத்தான் அது. நேர் ரோட்டில் வெறும் சுமை. டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு ஏற்றினேன். இறக்கத்தில் நியூட்ரல் போடுவதையும் விட்டேன். கியரில் விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும், நியூட்ரலில் ஐடிலுக்காவது ஊற்றியாக வேண்டும்.

இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவில் பெட்ரோலைக் குறைத்து லீனாக, அதாவது காற்று கூடுதலான கலவையில் ஓட்டலாமே என்றால், நான் செய்ய மாட்டேன். எடையில் காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற கலவையை ஒட்டித்தான், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். லீனாகப் போனால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும்.

இப்போது நிஜமான 100-இல் 10.3 வருகிறது. மூன்று முறை டேங்க் நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கிளம்பும்போது பழைய உதை இல்லை, அது உண்மை. விங் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை. ரப்பர் அடைத்தும் மழைத் தண்ணீர் டிக்கிக்குள் போகிறது. இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறேன், சீலன்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.