இரண்டு இறக்கையையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கடல் வற்றும் நேரம் பார்த்து மும்பை சிவ்ரி சேற்றுத் திட்டுக்குப் போனால், பறந்து போகும் உள்ளான்களின் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்) இறக்கையில் பல் விழுந்த சீப்பு மாதிரி இடைவெளி தெரியும். அடிபட்ட பறவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரு இறக்கையிலும் ஒரே இடத்தில் இடைவெளி இருந்தால் அது இறகு உதிர்ப்பு. ஒரு பக்கம் மட்டும் என்றால் காயமாக இருக்கலாம். நம் ஊரில் மாஞ்சா நூலாகவும் இருக்கலாம்.

முழுதாக வளர்ந்த இறகு உயிரற்ற கெரட்டின். நகத்தின் பொருளேதான். ஆனால் நகம் வளர்ந்துகொண்டே இருக்கும், இறகு அப்படியல்ல. வெயிலிலும் மணலிலும் தேய்ந்தால் தேய்ந்ததுதான். பழையதை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைக்க வேண்டும். கறுப்பு நிறமி உள்ள பகுதி அதிக நாள் தாங்கும், வெள்ளைப் பகுதி சீக்கிரம் தேயும். கடற்காகங்கள் பலவற்றுக்கு இறக்கை நுனி கறுப்பாக இருப்பதில் இந்த லாபம் உண்டு.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுகிறது. அங்கே கோடை மிகக் குறுகியது. குஞ்சு பொரிக்கவே நேரம் சரியாக இருக்கும். அதனால் வளர்ந்த பறவை பழைய இறகோடே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, ஆகஸ்டிலிருந்து நம் கரைக்கு வந்து சேர்ந்து, இங்கேதான் உதிர்க்கத் தொடங்குகிறது. இறக்கை நுனிப் பாதியில் 10 பெரிய இறகுகள். உள்ளிருந்து வெளிப்பக்கமாக முறைவைத்து விழும். உள் இறகுகள் இரண்டு மூன்று சேர்ந்தே விழலாம், நுனி இறகு கடைசி. முடிய மாதக்கணக்கில் ஆகும்.

வாத்துகளின் வழி வேறு. இறக்கை இறகுகளை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மூன்று நான்கு வாரம் பறக்காமல் நாணல் மறைவில் கிடக்கும். சேற்றில் ஓடி இரை பொறுக்கும் உள்ளானுக்கு அது கட்டுப்படியாகாது.

ஆய்வுக்காகப் பறவையின் காலில் வளையமிடுபவர்கள், அதைக் கையில் பிடித்ததும் ஒவ்வோர் இறகுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பழையது 0. விழுந்த இடம் அல்லது இளம் இறகை மூடிய உறை மட்டும் முளைத்தது 1. மூன்றில் ஒரு பங்கு வரை வளர்ந்தது 2, மூன்றில் இரண்டு வரை 3, அதற்கு மேல் 4, முழுப் புதிது 5. ஓர் இறக்கைக்கு மொத்தம் 50.

வளரும் நாட்களில் இரை குறைந்தால் இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும். அந்த இடம் பலவீனம். மாதங்கள் கழித்து, நெடும்பயணத்தின் நடுவே அங்கேதான் ஒடியும். பூநாரை வந்தால்தான் நமக்குச் சிவ்ரி ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால், பறவைகளை இரை எடுக்கவிடாமல் கலைக்கும் படகுகளையும் கூட்டத்தையும் அடக்கி வைக்க வேண்டிய காலம் அதற்கு முன்பே, உள்ளான்கள் இறகு மாற்றும் மாதங்களில் தொடங்குகிறது. 2010இல் மும்பைத் துறைமுகத்துக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும் ஆகஸ்டில்தான். எண்ணெய் பட்டால் இறகிழைகளைக் கோத்திருக்கும் கொக்கிகள் பிரிந்து, தண்ணீர் தோல்வரை இறங்கிவிடும்.

அந்தந்த ஆண்டு பிறந்த உள்ளான் குஞ்சுகளோ முதல் குளிர்காலத்தில் பெரும்பாலும் பறக்கும் இறகை மாற்றுவதில்லை. ஏப்ரலில் இறகு நைந்திருக்கும். பல வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும். ஜூனில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வழிதவறியவை அல்ல.

மாஞ்சாவில் அறுபட்ட பருந்து கிடைத்தால் ஒன்று கவனியுங்கள். வெட்டுப்பட்ட இறகின் அடித்தண்டைப் பிடுங்காதீர்கள். வேர்க்குழி கிழிந்தால் மறு இறகு கோணலாக முளைக்கும், முளைக்காமலும் போகும். உறைக்குள் வளரும் இளம் இறகில் ரத்தம் ஓடுகிறது, ஒடிந்தால் கொட்டும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாமல் மீட்பு மையத்துக்கு எடுத்துப் போங்கள். தண்டு அப்படியே இருந்தால் அடுத்த உதிர்ப்பு வரை காத்திருக்காமல், இறந்த பருந்தின் இறகை மெல்லிய மூங்கில் குச்சியும் பசையும் கொண்டு அதில் ஒட்டவைக்க முடியும். ஆனால் இடது இறக்கையின் ஏழாம் இறகுக்கு, அதே இனத்தின் இடது ஏழாம் இறகுதான் பொருந்தும்.