பச்சையெல்லாம் காடல்ல

பெரியோர்களுக்கும், தோட்ட வேலை முடித்து நேராக இங்கே வந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கும், வனத்துறை நண்பர்களுக்கும் வணக்கம்.

முதுமலைக்கு வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு, கிழக்கே சீகூர் வழியாகச் சத்தியமங்கலம். தாயைப் பிரிந்த இளம் ஆண் புலி இடம் தேடிக் கிளம்பினால் இந்தக் காடுகளுக்கிடையே நடந்தாக வேண்டும். அந்த வழியை எப்படி வரைவது?

செயற்கைக்கோள் படத்தில் பச்சையைப் பார்த்துக் காடென்று குறித்தால் நீலகிரியில் ஏமாந்துபோவோம். சில்வர் ஓக் நிழலில் நிற்கும் தேயிலையும் பச்சை, யூகலிப்டஸும் பச்சை, உண்ணிச்செடிப் புதரும் பச்சை. அதே சமயம் மசினகுடிப் பக்கத்து இலையுதிர் காடு மார்ச்சில் வெறுந்தரையாகத் தெரியும். அதனால் டிசம்பர் வாக்கில் ஒரு படம், கோடையில் ஒரு படம், இரண்டையும் ஒப்பிட்டே நிலத்தைப் பிரிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வகை நிலத்துக்கும் புலி கடக்கும் சிரமத்துக்கேற்ப மதிப்பெண் தருவோம்: காட்டுக்கு 1, தேயிலைக்கு 10, குடியிருப்புக்கு 100 என்பதுபோல. இந்த எண்கள் நாம் வைக்கும் ஊகம்தான். பகலில் கொழுந்து பறிக்கும் தோட்டத்தை இரவில் புலி கடந்துவிடும். பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. அந்தச் சாலைக்குப் பகலுக்கும் இரவுக்கும் ஒரே மதிப்பெண் போடுவது தவறு. யானைக்குப் போட்ட எண்ணைப் புலிக்குப் போடுவது அதைவிடத் தவறு. யானை தயங்கும் செங்குத்துச் சரிவில் புலி இறங்கிப் போகும்.

எண்கள் சரிதானா என்று பார்க்கத்தான், விலங்கு அசைந்தால் தானே படமெடுக்கும் கேமரா. தடத்தின் இருபுறமும் ஒன்றொன்று, முழங்கால் உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். புலியின் இடது விலாவின் வரிகளும் வலது விலாவின் வரிகளும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவோம். இரண்டு கேமராவும் நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தைக் கெடுக்கும், சற்று விலக்கி வையுங்கள். எதிரே உள்ள புல்லை அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லே கார்டை நிரப்பிவிடும். கடிகாரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். பத்து நிமிடம் பிசகினாலும் இடதையும் வலதையும் சேர்க்க முடியாது. யானை பிடுங்காமலிருக்க இரும்புக் கூண்டு வேண்டும். எங்கே கட்டுவது என்பதை அந்தக் காட்டில் நடந்து பழகிய குறும்பர், இருளர் காவலர்களிடம் கேளுங்கள். மென்பொருளுக்குத் தெரியாத திருப்பம் அவர்களுக்குத் தெரியும்.

மதிப்பெண்களைக் கூட்டி, மொத்தச் சிரமம் மிகக் குறைந்த வழியைக் கணினி வரைந்து தரும். அந்தப் பாதையில் மிகக் குறுகலான இடத்தைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். சோலார் வேலி, ரிசார்ட் மதில், அகழி எதுவும், ஒரு புள்ளி 10 மீட்டர் நிலத்தைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தில் சரியாகத் தெரியாது. படத்தில் திறந்த வழி, தரையில் மூடிய வழி! அங்கே நடந்துபோய் அகலத்தை மீட்டரில் அளந்து, இரு ஓரத்து சர்வே எண்ணையும், பட்டாவா புறம்போக்கா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சீகூர் யானை வழித்தட அறிவிக்கை 2010இல் வந்தது; 2020 அக்டோபர் 14இல்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. அத்தகைய விசாரணையில் எடுபடுவது வண்ண வரைபடமல்ல, சர்வே எண் வாரியாக எழுதிய தாள். அந்தத் தாளின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தால்தான், அடுத்த கட்டட அனுமதி மனு வரும் அன்றே ஆட்சேபம் எழுத முடியும்.