நாற்காலியும் நெஞ்சும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் மாடி பஸ்களில் அந்தக் காலத்தில் வண்டிக்கு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில் இருப்பார். நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இவ்விருவரின் உடல்நலத்தையும் ஒப்பிட்டு, 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்திருந்தது. அவர்கள் பருமனாக இருந்ததுதான் காரணமோ என்று, சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவை வைத்தும் பின்னர் பார்த்தார். ஒல்லியான ஓட்டுநர்களுக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. "எனக்குத் தொப்பையே இல்லையே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உட்கார்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது? நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் இறுகித் தளர்ந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்ததும் அந்த உதவி நின்றுபோகிறது. ரத்தத்தில் உள்ள கொழுப்பைத் தசைக்குள் எடுத்துக்கொள்ள உதவும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியும் அசையாத தசையில் மந்தமாகிவிடுகிறது. சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையைச் செலவழிக்கவும் ஆள் இல்லை. இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தக்குழாய்தான் பாதிக்கப்படுகிறது.

மாலையில் உடற்பயிற்சி செய்தால் ஈடாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஆகும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதன் கூடுதல் ஆபத்தை ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிட வேக நடையளவு உழைப்பு வேண்டும் என்கிறது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களில் எத்தனை பேரால் அது முடியும்? அதனால்தான் இடையிடையே எழுந்திருங்கள் என்று மன்றாடுகிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தாலே, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். பக்கத்து அறைக்காரருக்குச் செய்தி அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்கள் இதய நோயால் இறக்கும் ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 17 சதவீதம் அதிகம்; பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்ன கணக்கு இது. எழுந்து நடப்பவரை வேலைக்கள்ளன் என்று பார்க்கிற பார்வை முதலில் மாற வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. மேசையில் இருக்கும்போதே நெஞ்சு இறுகுகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது, குளிர்ந்து வியர்க்கிறது. "வாயுவாக இருக்கும், இந்தக் கோப்பு வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்கிறார்கள். சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், மூச்சுத் திணறலும் அசதியும் மட்டுமே வரலாம். ரத்தக்குழாய் அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளாகவே இதயத் தசை சாகத் தொடங்குகிறது. வேலையை அப்படியே விடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.